பினாங்குக்கு முதல் முறை: ஜார்ஜ் டவுனில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கொங்குப் பயணி

வணக்கம் நண்பர்களே. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குடும்பத்தோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு ஆகாது. நாங்கள் சைவம், மனைவி மட்டும் முட்டை சாப்பிடுவார்.

நான்கு இரவு தங்குவதாகத் திட்டம். பயண ஏஜென்ட் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஓட்டல். ஒரே நாளில் பாம்புக் கோயில், கெக் லோக் சி பௌத்தக் கோயில், பினாங்கு மலை, பட்டாம்பூச்சிப் பூங்கா, இரவுச் சந்தை. மறுநாள் 'சிட்டி டூர்', அரை நாள். மீதி நாளெல்லாம் 'ஓய்வு' என்று போட்டிருக்கிறது. இது சரிப்படுமா? போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நடைப்பிரியை

சரிப்படாது. வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். பாம்புக் கோயில் தெற்கே, விமான நிலையம் பக்கம் பாயான் லெப்பாஸில். பட்டாம்பூச்சிப் பூங்கா வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங்கில். மலையும் கெக் லோக் சியும் நடுவில் ஆயர் ஈத்தாமில். தீவு சிறியதுதான், ஆனால் மாலை நெரிசலில் வண்டி நகராது. அன்றைக்கு அம்மா பார்க்கப்போவது வேன் கண்ணாடியைத்தான்.

எது முக்கியமோ அதற்கு அரை நாள், சும்மா இருப்பதற்கு இரண்டு நாள் என்று அந்த ஏஜென்ட் தலைகீழாகப் போட்டிருக்கிறார். பினாங்கின் உயிர் ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தில் இருக்கிறது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். அங்கேயே தங்குங்கள். காலையில் ஏழு மணிக்கு வெளியே இறங்கினால் பத்தரை வரை நடக்கலாம். வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். நாலரைக்கு மேல் மறுபடி கிளம்பலாம். இப்படிச் செய்தால் அம்மாவுக்கும் களைப்பு தெரியாது, மகளும் சிணுங்க மாட்டாள்.

முதல் காலை ஆர்மீனியன் தெருவில் தொடங்குங்கள். சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் சுவரோவியம் அங்கேதான். லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012இல் வரைந்தது. எட்டு மணிக்கு மேல் போனால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அதே தெருவில் 120ஆம் எண் வீடு, சுன் யாட் சென் 1910இல் தன் புரட்சிக்கு ஆதரவு திரட்டிய இடம். பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் கூ கொங்ஸி. ஒரு சீனக் குலத்தாரின் கோயிலும் கூடமும் சேர்ந்தது. முந்தைய கட்டடம் 1901இல் எரிந்துபோக, 1906இல் எழுப்பியது இப்போது இருப்பது. கூரையிலும் தூண்களிலும் உள்ள செதுக்கு வேலையைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

பெருநகரவாசி

நடைப்பிரியை சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். பத்து ஃபெரிங்கி கடலை நம்பிப் போகாதீர்கள். மணல் நன்றாக இருக்கும், மாலை நேரம் அழகு. ஆனால் தண்ணீர் கலங்கல், ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகையும் பார்க்கலாம். கடல்தான் வேண்டுமென்றால் லங்காவி போவது மேல்.

லிட்டில் இந்தியாவையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போய், நம் ஊர்ப் புடவைக் கடை, பூமாலைக் கடை, பாத்திரக் கடை, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. அங்கே போகும் நேரத்தில் நீல மாளிகையையும் பெரனாக்கான் மாளிகையையும் பார்க்கலாம். சாப்பிட மட்டும் போய் வாருங்கள்.

கடைத்தெரு வாசி

பெருநகரவாசி அண்ணே, நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். சாப்பிட மட்டும் போனால் போதும் என்று நீங்கள் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் என்று பலகையில் இருக்கும் தெருவை எங்கள் தாத்தா காலத்திலிருந்து கடைத்தெரு என்றுதான் சொல்லி வருகிறோம். சுற்றுலாக்காரர்களுக்காகச் சமீபத்தில் அலங்கரித்த இடம் இல்லை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் இங்கே கொடி ஏற்றிய சில ஆண்டுகளுக்குள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள் இங்கே கடை போட்டுவிட்டார்கள். சூலியா தெரு என்ற பெயரே அவர்களால் வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள், செட்டியார் கிட்டங்கிகள், நகைத் தொழிலாளிகள், துணி வெளுத்தவர்கள், எல்லாரும் இந்தச் சில தெருக்களுக்குள் வாழ்ந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுவிட்டு 'நம்ம ஊர் மாதிரிதான்' என்று திரும்பிவிடுகிறார்கள். நான்கே நான்கு கட்டடங்களை நிதானமாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். காலை பூஜையில் சீனர்களும் தட்டோடு நிற்பதைப் பார்ப்பீர்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கம்பெனி அங்கீகரித்த காதர் மொகிதீன் 1801இல் நிறுவியது. இன்றைய குவிமாடங்களெல்லாம் பின்னால் வந்த விரிவாக்கம். தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போனால், தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே அனுமதிப்பார்கள். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரின் நினைவாக இங்கே குடியேறியவர்கள் கட்டிக்கொண்டது. ஆள் பெரிதாகக் கவனிக்காத சின்னக் கட்டடம். எனக்கு அந்த வட்டாரத்தில் மிகப் பிடித்தது அதுதான். நான்காவது, பினாங்கு தெருவில் இருக்கும் கோவில் வீடு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் வீடு அது. வெளியே நின்று பார்த்தாலே போதும்.

மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கும் அதே வரிசையில் சீனர்களின் கருணை தேவி கோயிலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. மொத்தமும் சமதரை. கொங்குப் பயணியின் அம்மா குடை பிடித்துக்கொண்டு மெதுவாகவே நடந்து பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் வழியை மறிக்கும், திடீரென்று படி ஏறி இறங்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கைச் சீமை

அக்கா எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளையும் கம்பெனி 1802 பிப்ரவரியில் நாடு கடத்தியது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பிய இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அதுதான் இந்தப் பினாங்கு.

அதனால் கார்ன்வாலிஸ் கோட்டையை 'பழைய சுவர், நாலு பீரங்கி' என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. செரி ரம்பாய் என்ற 1603ஆம் ஆண்டின் டச்சுப் பீரங்கி அங்கே இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. எல்லாரும் அதைப் படம் எடுக்கிறார்கள். நான் அந்தச் சுவருக்கு வெளியே கடலைப் பார்த்து நின்றபோது, திரும்பிப் போகும் வழி தெரியாமல் இந்தக் கரையில் இறக்கப்பட்டவர்களைத்தான் நினைத்தேன். உங்கள் மகளுக்கு இந்தக் கதையை அங்கேயே சொல்லுங்கள்.

பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை, 1818இல் முடித்தது, இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பைக் கொண்டுதான் கட்டினார்கள். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தத் தூண்களைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

பெருநகரவாசி

துரைசாமி விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. கடைத்தெரு வாசி சொன்ன நான்கு இடங்களுக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்கலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஷாப்பிங் வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். அதே புடவை இங்கே விலை குறைவு.

மாளிகைகளைப் பற்றி: லீத் தெருவில் இருக்கும் நீல மாளிகை செங் ஃபாட் ட்ஸே என்ற சீனப் பெருவணிகரின் வீடு. சுண்ணாம்போடு அவுரிச் சாயம் கலந்து பூசியதால் அந்த நீலம். வழிகாட்டியோடு பார்க்கும் சுற்று குறிப்பிட்ட நேரங்களில்தான், எனவே முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். சர்ச் தெருவில் இருக்கும் பெரனாக்கான் மாளிகைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மணி வேலைப்பாடு செய்த செருப்பு, கண்ணாடிச் சாமான், கல்யாணக் கட்டில் என்று மலாய், சீன, ஆங்கிலப் பழக்கங்கள் கலந்த ஒரு வாழ்க்கை முழுவதும் உள்ளே இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் பிடிக்கும். உச்சி வெயிலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்குப் பயணி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பழைய நகரத்தில் தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்வி. முழங்கால் வலியோடு மலைக்கும் கெக் லோக் சிக்கும் போக முடியுமா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? பினாங்கு என்றாலே சாப்பாடு என்கிறார்கள், நாங்கள் நான்கு நாளும் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால் மனம் ஆறாது.

நடைப்பிரியை

மலைக்குத் தாராளமாகப் போகலாம். சரிவில் ஏறும் கயிற்று ரயில் இருக்கிறது. 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போது இருக்கும் பெட்டிகள் 2011இல் வந்தவை. சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மேலே நகரத்தைவிடக் குளிர்ச்சி. பார்வை மேடையிலிருந்து ஜார்ஜ் டவுன், பாலம், எதிர்க்கரை எல்லாம் தெரியும். மேகம் வந்து மூடினால் எதுவும் தெரியாது. ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். வார இறுதியிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் வரிசை மிக நீளம். மலை உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன பேட்டரி வண்டி வாடகைக்குக் கிடைக்கும்.

கெக் லோக் சிக்கு அடிவாரத்திலிருந்து கடைகள் நடுவே ஏறும் வழக்கமான வழி முழுக்கப் படிக்கட்டு. அதில் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். மேல் வாகன நிறுத்தம் வரை கார் போகும். கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுநரிடம் அங்கேயே விடச் சொல்லுங்கள். கருணை தேவியின் வெண்கலச் சிலை, முப்பது மீட்டர் உயரம், மேல் தளத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாகச் சரிவு லிஃப்ட் உண்டு. ஏழு நிலைக் கோபுரத்துக்குள் ஏறுவது மட்டும் அம்மாவால் ஆகாது. நீங்களும் மகளும் போய் வாருங்கள். அடிப்பகுதி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. 1930இல் கட்டி முடித்தது. சீனப் புத்தாண்டை ஒட்டி அங்கே இருந்தால் கோயில் முழுக்க விளக்கேற்றியிருப்பார்கள். அதற்காகவே ஒரு மாலை ஒதுக்கலாம்.

மலையும் இந்தக் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள், மூன்றாவது எதையும் சேர்க்காதீர்கள்.

கடைத்தெரு வாசி

சாப்பாடு என் பங்கு.

பசியாற லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் இருக்கின்றன, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். அத்தோடு நிறுத்த வேண்டாம். பினாங்கில் சீனச் சைவக் கடைகள் நிறைய. பௌத்தக் கோயில்களின் பக்கத்தில் தேடினாலே தென்படும். இஷ்டப்பட்டதை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டால், பார்த்து விலை சொல்வார்கள். சோயாவிலும் காளானிலும் செய்த குழம்பு, வறுவல் எல்லாம் அருமையாக இருக்கும். சில பொருள்கள் மீன் போலவோ கோழி போலவோ தோற்றம் தரும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுக்கடைகளில் கவனம் வேண்டியது பெலாச்சான் என்ற இறால் விழுது. காய்கறி வறுவலில், சம்பலில், ரோஜாக் சாற்றில் எல்லாம் அது இருக்கும். அசாம் லக்சா முழுக்க மீன் சாறு. ஹொக்கியன் மீயில் இறால் சாறு. அதனால் 'காய்கறிதானே' என்று நம்பி வாங்கக் கூடாது. 'தாக் மாக்கான் டாகிங், ஈக்கான், ஊடாங்' என்று சொன்னால் இறைச்சி, மீன், இறால் சாப்பிடுவதில்லை என்று புரிந்துகொள்வார்கள். முட்டைக்குத் 'தெலூர்'. பெலாச்சானையும் பெயர் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை: பினாங்கு ரோட்டுப் பக்கம் கெங் குவீ சந்தில் செண்டோல். பச்சை மாவு இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஐஸ். ஜாதிக்காய்ச் சாறு. ஆப்பம் மாதிரி மடித்துத் தரும் அப்பொம், அதில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு கேட்டு வாங்கலாம். சில கடைகளில் அதே கரண்டியை மீன் குழம்புக்கும் போடுவார்கள், அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இழையைப் படித்தால், நாசி கண்டார் தவறவிட வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி கட்டித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் பிறந்த சாப்பாடு அது. ஐந்தாறு குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லி வாங்க வேண்டும்.

நடைப்பிரியை

படகுத்துறை வீடுகளைச் சொல்ல மறக்கக் கூடாது. வெல்ட் கீ கரையில் சூ, லிம், டான், லீ என்று குலத்துக்கு ஒரு துறை. கடலுக்குள் கால் நட்டு, பலகை போட்டு, அதன்மேல் வீடுகள். சூ துறைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். அது மக்கள் குடியிருக்கும் இடம். ஜன்னல் வழியே படம் எடுப்பதையும் வாசலில் சத்தம் போடுவதையும் அவர்கள் காலங்காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போய், மெதுவாக முனை வரை நடந்து, திரும்பிவிடுங்கள். பலகைக்கு நடுவே இடைவெளி உண்டு, அம்மாவின் கைத்தடி மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைப்பூச ரசிகன்

ஆண்டுத் தொடக்கம் என்கிறீர்களே, தைப்பூசம் எப்போது வருகிறது என்று பார்த்தீர்களா? முந்தைய நாள் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும். நகரத்தார் வழிபடும் தண்டாயுதபாணி கோயில் அங்கே இருக்கிறது. வழி நெடுக தேங்காய் மலை போல் குவித்து உடைப்பார்கள், உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். 2017 முதல் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி.

கடைத்தெரு வாசி

தைப்பூசத்துக்கு வந்தால் இரண்டு விஷயம். அறையை மாதக் கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும். அப்புறம், ரதம் வரும் சாலைகளில் கார் ஓடாது. அம்மாவை வைத்துக்கொண்டு தண்ணீர்மலைக் கூட்டத்துக்குள் போக வேண்டாம். புறப்படும்போது பினாங்கு தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் நிறைய, யாரும் பசியோடு திரும்ப மாட்டார்கள்.

மற்ற நாளில் வந்தால் தண்ணீர்மலையையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவையும் ஒரே காலையில் பார்க்கலாம். 1884இல் தொடங்கிய பூங்கா, நிழல் நிறைந்த சமதரைப் பாதை. குரங்குகளுக்கு மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள், பையைப் பிடுங்கும். திரும்பும் வழியில் பர்மா சந்தில் எதிரெதிரே இரண்டு கோயில்: 1803இல் தோன்றிய பர்மியப் பௌத்தக் கோயில், 33 மீட்டர் சயன புத்தர் இருக்கும் தாய்லாந்துக் கோயில். அரை மணி போதும்.

பெருநகரவாசி

காகித விஷயம்: இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் அனுமதி தருகிறது. சலுகைக் காலம் நீட்டிக்கப்பட்டு வருவதால் டிக்கெட் போடும் முன் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள். நான்கு பேருக்கும் தனித்தனியாக.

கோலாலம்பூர் வழியாக வந்தால், பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து அங்கிருந்து படகில் தீவுக்குப் போங்கள். ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. நகரம் கடலிலிருந்து மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கலாம். முதல் முறை போகிறவர்கள் பாலத்தில் கார் ஏறிப் போய் இறங்குவதைவிட இது எவ்வளவோ நல்லது.

மாம்பழச் சாலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பள்ளி விடுமுறை காரணமாக எங்களால் மே, ஜூனில்தான் வர முடியும். மழை கெடுத்துவிடுமா?

கடைத்தெரு வாசி

வறண்ட மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். கனமழை செப்டம்பர், அக்டோபரில். மே, ஜூனில் பெரும்பாலும் பிற்பகல் மழை, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு விட்டுவிடும். வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். உங்களுக்கு வேறொரு லாபம் உண்டு, அது டுரியான் பருவம். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் போங்கள். ஜாதிக்காய்த் தோப்பு, வயல், கம்பத்து (கிராமத்து) வீடுகள், தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும் டுரியான். எடை போட்டு விலை சொன்ன பிறகு பழத்தை வெட்டச் சொல்லுங்கள். அறைக்கு மட்டும் கொண்டுவராதீர்கள், பெரும்பாலான ஓட்டல்களில் அபராதம் உண்டு.